மறு: தெர்மல் கேமரா – வெப்பநோக்கியா, வெப்பப்படமானியா?

அனைவருக்கும் வணக்கம்.

பொருள்களின் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் மடல்களை இரண்டு நாளாகப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். கட்டட ஆய்வுதான் எனக்குத் தொழில்; இலக்கணத்தில் கை வைக்கத் தயக்கம். ஆனால் 'வெப்ப ஊடுருவி'யை மூன்று பேர் வழிமொழிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

> வெப்ப ஊடுருவி: ஓசை நயமும் இருக்கிறது, என்ன கருவி என்பதும் கேட்டவுடன் விளங்குகிறது.

ஓசை நயம் இருக்கிறது. விளங்குவதுதான் தப்பாக விளங்குகிறது. இந்தக் கருவி எதையும் ஊடுருவாது. சுவருக்குள் ஓடும் குழாயை அது பார்ப்பதில்லை. குழாயிலுள்ள வெந்நீர் மேற்பூச்சைச் சற்றே சூடாக்கியிருந்தால் அந்தச் சூட்டைப் பார்க்கிறது. நீரும் சுவரும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. சாதாரணச் சன்னல் கண்ணாடியைக்கூட அதனால் தாண்ட முடியாது. வெளியே நிற்கும் மரத்தைப் பார்க்கலாம் என்று சன்னலுக்கு நேரே பிடித்தால், கண்ணாடியின் சூடும் அதில் மங்கலாக நம் உருவமும்தான் வரும். அதனால்தான் இதன் வில்லையை ஜெர்மேனியத்தில் செய்கிறார்கள். நம் கண்ணுக்கு அது உலோகத் தகடு. கருவி பார்க்கும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிருக்கு அதுவே கண்ணாடி.

வீட்டுக்காரர்கள் இப்போதே "சுவருக்குள்ள கம்பி எப்படிப் போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்கள். நாமே ஊடுருவி என்று பெயரும் வைத்துக் கொடுத்தால் அவர்களை எப்படிக் குறை சொல்வது?

> அகச்சிவப்பு ஒளிப்படக்கருவி என்பது பாடநூல் வழக்கோடு ஒத்துப்போகும்.

ஒத்துப்போகும், ஐயா. ஆனால் அகச்சிவப்பு மிகப் பெரிய பரப்பு. வில்லியம் ஹெர்ஷல் 1800இல் முப்பட்டகத்தின் சிவப்பு ஓரத்தைத் தாண்டி வெப்பமானியை வைத்துக் கண்டுபிடித்தது அதன் வாசலைத்தான். இரவில் விளக்கு போட்டுப் பார்க்கும் கண்காணிப்புக் கேமராவும் அகச்சிவப்புதான். அது வேலை செய்வது ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அலைநீளத்தில். அதற்கு வெளியிலிருந்து கதிர் வேண்டும், சுவரின் சூட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் சுவர் தானாக உமிழும் கதிரின் உச்சமோ 10 மைக்ரோமீட்டரை ஒட்டி. இரண்டு வேறு கருவிகளுக்கு ஒரே பெயர் போனால், வாங்குகிறவர் தவறானதை வாங்கிக்கொண்டு வருவார். (சிவப்புக்கு வெளியே கிடப்பதை 'அக' என்கிறோமே என்ற பழைய வழக்கை நான் இப்போது கிளப்பவில்லை.)

என் பரிந்துரை இரண்டு சொற்கள். சொல் இரண்டு தேவைப்படுவதற்குக் காரணம், கருவியே இரண்டு வகையாக இருப்பது.

ஒரு வகை, சூட்டு வேறுபாட்டை வண்ணமாகக் காட்டுவதோடு சரி. சேமித்த படத்தில் வண்ணம் மட்டுமே இருக்கும். இன்னொரு வகை, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் உரிய வெப்பநிலை எண்ணையும் படத்தோடு சேமிக்கும். பிறகு மேசையில் உட்கார்ந்து எந்தப் புள்ளியையும் தொட்டுக் கேட்கலாம், அளவுகோலை மாற்றலாம், உமிழ்திறனைத் (ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாகக் கதிராக வெளிவிடுகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்) திருத்தலாம். தொழிலில் இதை 'ரேடியோமெட்ரிக்' என்பார்கள். அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவருக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். முதல் வகை, ஒழுகும் இடத்தை ஓரளவு ஊகித்துக் கொத்தனாருக்குக் காட்ட உதவும். அதற்கு மேல் இல்லை. விளம்பரத்தில் இரண்டுமே தெர்மல் கேமராதான்.

தொலைநோக்கி, நுண்ணோக்கி: பார்க்க உதவுபவை. வெப்பமானி, அழுத்தமானி: அளப்பவை. விகுதிகள் நம்மிடம் தயாராக இருக்கின்றன. படம் மட்டும் காட்டுவது வெப்பநோக்கி. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அளவு தருவது வெப்பப்படமானி. பொதுப்பெயர் வேண்டுமென்றால் வெப்பநோக்கியே போதும்.

> மானி என்றால் துல்லியமாக அளக்க வேண்டும். இவை இரண்டு டிகிரி பிசகும் என்கிறார்களே?

நல்ல கேள்வி. ஆம், கட்டட வேலைக்கு வரும் பெரும்பாலான கருவிகளின் விவரத்தாளில் ±2 டிகிரி அல்லது 2 விழுக்காடு என்றுதான் போட்டிருக்கும். அதே தாளில், கருவி பிரித்தறியும் மிகச் சிறிய சூட்டு வேறுபாடு 0.05 டிகிரி என்றும் ஓர் எண் இருக்கும். முதன்முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். பிழையில்லை. பிசகும்போது எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே பிசகும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் உள்ள வேறுபாடு கெடாது. சுவர் 28 டிகிரியா 29 டிகிரியா என்பது எனக்கு முக்கியமில்லை. ஓதம் ஏறிய மூலை, ஈரம் ஆவியாவதால் மற்ற இடத்தைவிட அரை டிகிரி குளிர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படித் தெரிந்தாலும் ஈரமானியை வைத்துச் சரிபார்க்காமல் நான் ஓதம் என்று எழுதுவதில்லை.

இந்த 0.05 டிகிரியைத்தான் 50 மில்லிகெல்வின் என்று அச்சிடுகிறார்கள். இதற்கு இங்கே 'உணர்திறன்' என்று முன்மொழிந்திருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. உணர்திறன் 70, உணர்திறன் 40 என்று இரண்டு பெட்டிகள் இருந்தால் யாருமே 70ஐத்தான் எடுப்பார்கள், நல்லது 40. எண் குறையக் குறைய மேல் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். 'உணரெல்லை' என்றால் எப்படி? இந்த எல்லைக்குக் கீழே கருவிக்கு உணர்வில்லை.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதற்கான பிரிதிறன் ஏற்கெனவே ஒளியியலில் நிலைத்த சொல், அதில் சண்டை வேண்டாம். ஆனால் வாங்கும்போது திரையின் புள்ளிகளைப் பார்க்காதீர்கள், உள்ளே கதிரை வாங்கும் உணரியின் புள்ளிகளைக் கேளுங்கள். கணினி கொண்டு பெருக்கிய எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். புள்ளி எண்ணிக்கையும் தனியாக நின்று எதையும் சொல்லாது. வில்லையின் கோணத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 160×120 உணரியும் 57 டிகிரி அகல வில்லையும் உள்ள கருவியை 5 மீட்டர் தள்ளி நின்று பிடித்தால், ஒரு புள்ளி சுவரில் 3 செ.மீ.க்கு மேல் பிடித்துக்கொள்ளும். நம்பி எண் சொல்ல குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளி வேண்டும், ஆக 10 செ.மீ. சன்னல் சட்டத்து இடுக்கு அதில் கரைந்தே போகும். 320×240 உணரி, 24 டிகிரி வில்லை என்றால் அதே தூரத்தில் ஒரு புள்ளிக்கு 7 மி.மீ.கூட இல்லை. இப்படி ஒரு புள்ளி சுவரில் பிடிக்கும் இடத்துக்குப் 'புள்ளித்தடம்' என்று பெயர் வைக்கலாம்.

உடனே எல்லோரும் குறுகிய வில்லைக்குப் போகவும் வேண்டாம். சின்ன அறைக்குள் 2 மீட்டர் தள்ளி நின்றால் அந்த 24 டிகிரி வில்லைக்குள் 85 செ.மீ. அகலச் சுவர்தான் அடங்கும். ஒரு அறைக்கு நாற்பது படம் எடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும். உள்வேலை மட்டும் செய்கிறவருக்கு அகல வில்லையோடு 160×120 போதும் என்பது என் எண்ணம். வெளிச்சுவர், கூரை என்று போகிறவர் 320×240க்குக் கீழே இறங்க வேண்டாம்.

உமிழ்திறன் என்ற சொல் இருக்கட்டும், மாற்ற வேண்டாம். பூச்சு, செங்கல், வண்ணம் அடித்த சுவர் எல்லாம் 0.9ஐ ஒட்டியே இருப்பதால் கட்டடத்தில் பெரிய தொல்லையில்லை. தொல்லை பளபளப்பில்தான். மெருகேற்றிய அலுமினியத்துக்கு 0.1கூடக் கிடையாது, அது காட்டும் சூட்டில் முக்கால்வாசிக்கு மேல் எதிரே இருப்பவற்றுடையது. மின்வேலைக்கான கறுப்பு டேப்பில் ஒரு துண்டை ஒட்டி, அது உலோகத்தின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, டேப்பின் மேல் அளப்பதுதான் வழி.

இப்படி எதிரொளித்து வரும் பிறருடைய சூட்டுக்கு 'எதிரொளிப்புத் தோற்ற வெப்பநிலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், ஆனால் மூச்சு வாங்குகிறது. நான் 'இரவல் சூடு' என்றே என் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குளியலறைச் சுவர் ஓட்டில் இளஞ்சூடாக ஒரு திட்டு தெரிந்தது. வெந்நீர்க் குழாய் கசிகிறது என்று முடிவுகட்டி, சாக்கட்டியால் வட்டமும் போட்டுவிட்டேன். உளியைத் தூக்கிய கொத்தனாருக்கு வழிவிட ஒரு அடி விலகினேன். திட்டும் ஒரு அடி விலகியது. என் உடம்புச் சூடுதான். அன்றிலிருந்து எந்தத் திட்டையும் இரண்டு கோணத்தில் பார்க்காமல் சாக்கட்டியை எடுப்பதில்லை.

ஒரு சொல் பாக்கி. கருவி இடையிடையே 'டிக்' என்று ஒரு மூடியை உள்ளே இறக்கும். படம் ஒரு நொடி உறையும். எல்லாப் புள்ளிகளும் ஒரே சூடுள்ள அந்த மூடியைப் பார்த்துத் தங்கள் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துகொள்கின்றன. 'சீரின்மைத் திருத்தம்' என்று நான் மொழிபெயர்த்து வைத்திருந்தேன். கூட வந்த சித்தாள் ஒருவர், "சார், அது கண்ண சிமிட்டுது" என்றார். நான் என் சொல்லை அடித்துவிட்டு 'இமைப்பு' என்று எழுதிக்கொண்டேன். யாருக்காவது மறுப்பு உண்டா?