கூடங்குளம் முதல் கூரைச் சூரியத் தகடு வரை: உங்களை விடாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கடற்கரை ஊர்க்காரன்

போராட்டக் கதை எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. 2011 செப்டம்பரில் மாநில அமைச்சரவை கூடங்குளம் அணுமின் நிலையப் பணியை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2012 மார்ச்சில் அதே அரசு பணியைத் தொடரலாம் என்றது. அந்த இடைவெளியில் நடந்தது இது.

விளக்கம் சொல்ல சில அதிகாரிகள் எங்கள் பக்கம் வந்தார்கள். திரையில் படம் ஓடியது. இரட்டைச் சுவர், உருகிய எரிபொருளைத் தாங்கிப் பிடிக்கும் தொட்டி, மின்சாரம் இல்லாமலே உலையைக் குளிர்விக்கும் ஏற்பாடு என்று வரிசையாகச் சொன்னார்கள். மீன் விற்றே பிள்ளைகளைக் கரையேற்றிய என் அத்தை எழுந்து கேட்டார்: "ஐயா, உலையிலிருந்து வருகிற தண்ணீரைக் கடலில்தானே விடுவீர்கள்? அது எவ்வளவு சூடாக இருக்கும்? அந்தச் சூட்டில் நெத்தலி கரைப்பக்கம் வருமா, விலகிப் போய்விடுமா?"

"அதையெல்லாம் விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள் அம்மா. உங்களுக்குப் புரியாது."

அத்தை உட்காரவில்லை. திரையின் வெளிச்சம் அவர் கையில் விழுந்து, மணிக்கட்டில் ஒட்டியிருந்த மீன் செதில் ஒன்று மின்னியது. அடுத்த படம் ஓட ஆரம்பித்தது, அவர் நின்றுகொண்டே இருந்தார்.

கடலில் விடும் நீர், கடல் நீரைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. இதைப் பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அதிகாரிக்கு அன்றே தெரிந்திருக்கும். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அத்தை அடுத்ததாக, அந்த 7 டிகிரி எவ்வளவு தூரம் வரை பரவும் என்று கேட்டிருப்பார். அப்படித்தான் பேச்சு நடந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 2012 செப்டம்பர் 10 அன்று போராட்டக்காரர்கள் மீது போலீஸ் தடியடி வந்தது, தேசத்துரோக வழக்குகள் வந்தன, 2013 மே 6 அன்று நிலையம் ஓடலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நெத்தலிக் கேள்விக்கு மட்டும் எங்கள் ஊருக்கு வந்து யாரும் பதில் சொல்லவில்லை.

நெல்லை அம்மா

கங்கைகொண்டானில் சூரிய மின்கலம் செய்யும் தொழிற்சாலையில் என் மகள் வேலை பார்க்கிறாள். அவளைப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் காபியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டார்: "அந்தக் கம்பெனி எத்தனை வருடத்துக்கு ஓடும்? சீனாக்காரன் விலையைக் குறைத்தால் பூட்டுப் போட்டுவிடுவார்களே."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னாள். 2022 ஏப்ரலில் இறக்குமதித் தகடுக்கு 40 சதவீதமும் மின்கலத்துக்கு 25 சதவீதமும் சுங்க வரி போட்டதால்தான் இங்கே தொழிற்சாலைகள் எழுந்தன என்றாள். உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஒன்றிய அரசு இரண்டு கட்டமாக 24,000 கோடி ரூபாய் ஒதுக்கியதையும் சொன்னாள். "பெரியப்பா, அணு உலைக்கும் அரசாங்கம் கைகொடுத்துத்தானே இத்தனை வருடம் நிற்கிறது?" என்று முடித்தாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சம்பந்தம் முடிந்தது, அதில் குறையில்லை.

ஆனாலும் அவர் கேட்டது என்னை விடவில்லை. மின்கலம் இங்கே செய்தாலும் அதற்கு அடிப்படையான மெல்லிய சிலிக்கான் வில்லை (வேஃபர்) பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது என்று மகளே பிறகு தனியாகச் சொன்னாள். அங்கிருந்து வருவது நின்றால் இந்தப் பிள்ளைகளின் வேலை என்னவாகும்?

முதலில் எழுதிய தம்பிக்கு ஒன்று. உங்கள் அத்தையை மதிக்காமல் பேசியது தவறு, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் 2012-இல் எங்கள் ஊரில் மின்சாரம் இருந்த நேரத்தை விட இல்லாத நேரம்தான் அதிகம். என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மண்ணெண்ணெய் விளக்கில் படித்தாள். உலை சீக்கிரம் ஓட வேண்டும் என்று அன்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அதையும் நீங்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

துணைமின் நிலையம் (ஓய்வு)

அம்மா சொல்லும் அந்த மின்வெட்டுக் காலத்தைப் பணியில் இருந்தே பார்த்தவன் நான். என்னை உறுத்துவது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தது.

ஆடி மாதம், முப்பந்தல் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆள் நேராக நடக்க முடியாது. காற்றாலை மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. நான் தொலைபேசியில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார். விவசாய நிலத்தை விற்று, வங்கிக் கடனும் வாங்கி ஒரு காற்றாலை போட்டவர். என்னை வெளியே அழைத்துப்போய்க் கையை நீட்டிக் காட்டினார். பனைமரங்கள் வளைந்து ஆடிக்கொண்டிருந்தன. அவருடைய காற்றாலை அசையாமல் நின்றது.

"சார், இந்த மூன்று மாதம்தான் எனக்கு அறுவடை. கூடங்குளத்தை நிறுத்தச் சொல்வீர்களா?"

தொழில்நுட்பப் பதில் என்னிடம் இருந்தது. அணு உலையை நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்குவதில்லை, அது ஒரே சீராக ஓட வேண்டியது. நிலக்கரி நிலையத்தையும் ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. நள்ளிரவில் தேவை குறையும்போது குறைப்பதற்கு மீதம் இருப்பது காற்று மட்டும்தான். ஆனால் காற்றாலை மின்சாரத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறது. அவர் அந்த விதியின் நகலைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். அதை அவர் பிரித்த பிறகு என்னால் எதுவும் பேச முடியவில்லை.

இங்கே அணுவா காற்றா என்று வாதாடுகிறவர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைப்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை. தமிழ்நாட்டில் காற்றாலையின் நிறுவுதிறன் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையமாக நம்மிடம் நெடுங்காலம் இருந்தது காடம்பாறை ஒன்றுதான், 400 மெகாவாட். நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் திட்டம் ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டு போனது. 2047-க்குள் நாடு முழுவதும் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சரி, செய்யட்டும். ஆனால் சேமிப்பு வசதி கட்டாமல் அத்தனை உலைகளையும் சேர்த்தால், ஆடி மாதம் நிறுத்தப்படும் காற்றாலைகளின் எண்ணிக்கை இன்னும் கூடும். இதை ஆட்சியில் இருப்பவர்கள் யாராவது அந்தப் பெரியவருக்கு எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

கல்பாக்கத்தில் வளர்ந்தவள்

முதல் பதிவைப் படித்துவிட்டுப் பேசாமல் போகலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. அணுமின் நிலையத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மக்களைத் துச்சமாக நினைப்பவர்கள் என்று இப்படித்தான் ஊரெல்லாம் பேச்சு பரவுகிறது. நான் வளர்ந்த கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில் அப்படி இல்லை.

2004 டிசம்பர் 26. அலை வந்தபோது இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை ஏற்கெனவே பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கடல்நீர் இறைக்கும் அறைக்குள் வெள்ளம் புகுந்தது, இரண்டாம் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஆனால் குடியிருப்பில் உயிர்கள் போயின. எதிர்வீட்டு மாமா அன்று பணியில் இருந்தவர். மாலையில் முழங்கால் வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றார். கதிர்வீச்சை அளக்கும் கருவி இன்னும் சட்டையிலேயே இருந்தது. "அக்கா, பிள்ளைகள் எங்கே?" என்று அம்மாவிடம் கேட்டார். நாங்கள் இருக்கிறோம் என்று தெரிந்த பிறகுதான், "உலை நின்றுவிட்டது, பயப்பட வேண்டாம்" என்றார். தன் வீட்டுக்குள் அவர் அதுவரை போகவே இல்லை.

எனக்கு உறுத்தல் அதற்கடுத்த நிமிடத்தில். பக்கத்துக் குப்பத்திலிருந்து ஓடிவந்து எங்கள் திண்ணையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மாமாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இதை எங்கள் ஆட்களிடம் யார் போய்ச் சொல்வது?" மாமா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். செய்தி குடியிருப்புக்குள் வந்தது. குப்பத்துக்குப் போக ஏற்பாடு எதுவும் இல்லை.

ஆகவே, கடற்கரை ஊர்க்காரரே, உங்கள் அத்தையின் கேள்வி நியாயமானது. ஆனால் ஓர் அதிகாரியின் வாய்த்துடுக்கை வைத்து, அங்கே உயிரைக் கொடுத்து வேலை செய்பவர்களை எடை போடாதீர்கள்.

கடற்கரை ஊர்க்காரன்

தங்கை, உங்கள் எதிர்வீட்டு மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் தவறாக நான் சொல்லவில்லை. வேலை செய்பவர்கள் மீது எனக்குக் கோபம் கிடையாது. சட்டம் எழுதுபவர்கள் மீது இருக்கிறது.

போபாலில் 1984-இல் விஷவாயு கசிந்து அத்தனை பேர் செத்து, 1989-இல் 47 கோடி டாலரோடு கணக்கை முடித்தார்கள். அந்த வடு இருந்ததால்தான் 2010-ஆம் ஆண்டு அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள்: கருவி பழுதானது என்றால், உலையை நடத்துபவர் அதைக் கொடுத்த நிறுவனத்திடம் திரும்பப் பணம் கேட்கலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் வருடக்கணக்காக எதிர்த்தது அந்தப் பிரிவைத்தான். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி என்ற புதிய அணுசக்திச் சட்டத்தில் அது போய்விட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, வேண்டுமென்றே செய்ததாக இருந்தாலோ தவிர, கருவி கொடுத்தவரைத் தொட முடியாது. தனியார் உலை நடத்தவும் வழி திறந்தாயிற்று. மிகப் பெரிய உலைக்குக்கூட நடத்துபவரின் பொறுப்பு 3,000 கோடி ரூபாயோடு நின்றுவிடுகிறது. மேலே போனால் ஒன்றிய அரசு, அதாவது நாம் கட்டும் வரி.

இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் கடற்கரையில் ஒரு கூட்டமாவது போட்டார்களா? அத்தை இன்னும் இருக்கிறார். கேட்க அவரிடம் கேள்வியும் இருக்கிறது.

கூரைமேல் வெயில்

என் கதை சின்னது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கூரைமேல் 3 கிலோவாட் சூரியத் தகடுகள் போட்டேன். பொருத்த வந்த ஒப்பந்ததாரர் கீழே தேநீர் குடிக்கப் போனபோது, உடன் வந்த பையன் தகட்டைப் புரட்டி முதுகில் இருந்த எண்ணைக் காட்டி, "அண்ணா, நீங்கள் பணம் கட்டிய ரகம் இது இல்லை" என்று மெதுவாகச் சொன்னான். நான் சண்டை போட்டுத் தகடுகளை மாற்ற வைத்தேன். அந்தப் பையனுக்கு வேலை மிஞ்சியதா என்று தெரியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

போடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய், அவ்வளவுதான். அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் பணம் ஆய்வு முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்கில்தான் விழும். மானியத்துக்குத் தகடு மட்டும் இந்தியாவில் செய்ததாக இருந்தால் போதாது, உள்ளே இருக்கும் மின்கலமும் இங்கே செய்ததாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தகட்டின் வரிசை எண்ணையும், தகட்டை மேலே ஏற்றுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். ஏற்றிய பிறகு முதுகுப்பக்கத்தைப் பார்ப்பது கஷ்டம். நிழல்தான் பெரிய எதிரி. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் தரும் மின்சாரம் குறையும், அதனால் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். தெற்கு நோக்கிய லேசான சாய்வு நம் ஊருக்குப் போதும். நல்ல வெயிலில் 3 கிலோவாட் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். அதற்கு மேல் சொல்பவரை நம்பாதீர்கள். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள், இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு என்று தனியாகக் கேளுங்கள். கடலோரம் என்றால் தாங்கு சட்டம் துத்தநாகப் பூச்சு உள்ளதுதானா என்று பாருங்கள். வாங்கும் மின்சாரத்தையும் நீங்கள் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் வந்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். கழுவுவதை வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள், சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பணகுடி

எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் காற்றாலைகள், வீட்டுக்கு மேலே கூடங்குளத்து உயர்அழுத்தக் கம்பி. கம்பி இழுக்க அளவெடுக்க வந்தவரிடம் என் தாத்தா, "இந்த மின்சாரம் எங்கள் மோட்டாருக்கு வருமா?" என்று கேட்டார். "இது உங்களுக்கான கம்பி இல்லை ஐயா" என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை, சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கூரைமேல் வெயில் அண்ணனுக்கு ஒரு கேள்வி: எங்களுடையது ஓட்டு வீடு, மொட்டை மாடி கிடையாது. முற்றத்தில் கம்பம் நட்டுத் தகடு வைத்தால் மானியம் கிடைக்குமா?