விண்டோஸோடு உபுண்டு: எஸ்எஸ்டி கண்ணிலேயே படவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. அலுவலக வேலை முழுக்க அதில்தான், எனவே அதை அழிக்க முடியாது. சரி, பக்கத்திலேயே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டுக்கொள்வோம் என்று இறங்கினேன்.

512 ஜிபி எஸ்எஸ்டியில் (மடிக்கணினியின் சேமிப்பகம்) சி டிரைவைச் சுருக்கி 80 ஜிபி காலியாக விட்டேன். விண்டோஸை வேகமாகத் திறக்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்தாயிற்று. பென்டிரைவிலிருந்து உபுண்டு நன்றாகவே திறக்கிறது, வைஃபைகூட வேலை செய்கிறது. ஆனால் எங்கே நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பென்டிரைவ் மட்டும்தான் தெரிகிறது.

கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் போய்ப் பார்த்தால் ஸ்டோரேஜ், அதாவது எஸ்எஸ்டியோடு கணினி பேசும் விதம், ரெய்ட் முறையில் இருந்தது. ஏஹெச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாற்றியதும் உபுண்டுவில் எஸ்எஸ்டி வந்துவிட்டது. விண்டோஸ்தான் நீலத்திரையோடு நின்றுவிட்டது! பதறிப்போய் பழையபடி மாற்றினேன். விண்டோஸும் வந்தது, எனக்கு உயிரும் வந்தது.

முதலில் விண்டோஸை சேஃப் மோடில் (குறைந்தபட்ச வசதிகளோடு மட்டும்) திறக்கும்படி அமைத்துவிட்டு, அப்புறம் பயாஸில் மாற்றினால் தேவையான டிரைவர் தானாக ஏறிக்கொள்ளும் என்று படித்தேன். இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எஸ்எஸ்டியில் இருப்பதைக் குறியாக்கம் செய்து பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வேறு இயக்கத்தில் இருக்கிறது. மீட்புச் சாவியை எழுதி வைத்திருக்கிறேன். அது போதுமா, அல்லது பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டுமா?

இன்னொரு சந்தேகம். இஎஃப்ஐ பார்ட்டிஷன் (இயங்குதளத்தைத் துவக்கும் கோப்புகள் இருக்கும் பகுதி) 100 எம்பிதான் இருக்கிறது. இரண்டுக்கும் தாங்குமா?

விண்டோஸையே தூக்கிவிடு என்ற யோசனை மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே நான்கு பேர் சொல்லிவிட்டார்கள்.