கிறிஸ்துமஸ் ஹாம் மலை மாதிரி மிச்சம் இருக்கு, உப்பு வேற கரிக்குது, எப்படி காலி பண்றது? உதவி ப்ளீஸ்

ராலே_ரேவதி:
வணக்கம் மக்களே. நாங்க நார்த் கரோலினால ராலே பக்கம் இருக்கோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார தாத்தா பாட்டி 25ஆம் தேதி மத்தியானம் சாப்பிட கூப்பிட்டாங்க, போனோம், கிளம்பும்போது மிச்சம் இருந்த ஹாம, அதான் பன்னித்தொடைக்கறிய, எலும்போட ஃபாயில்ல சுத்தி கையில குடுத்துட்டாங்க, வேண்டாம்னு சொன்னா முகம் வாடிடும்னு வாங்கிட்டு வந்துட்டேன், வீட்டுல வந்து எடை போட்டா 5 பவுண்டுக்கு மேல இருக்கு. எலும்ப சுத்தி மெல்லிசா சீவி இருக்கும்ல, அந்த ஸ்பைரல் வகை. மேல பிரவுன் சுகர் பாகு, அங்கங்க கிராம்பு குத்தி இருக்கு.

நேத்து கொஞ்சம் எடுத்து நம்ம பன்னிக்கறி வறுவல் பண்ற மாதிரியே இஞ்சி பூண்டு, மிளகாத்தூள், மல்லித்தூள், உப்பு எல்லாம் போட்டு குக்கர்ல விசில் விட்டு இறக்குனா வாயில வைக்க முடியல. ஒரே உப்பு, நடுநடுவுல இனிப்பு, கறி நார் நாரா இழுக்குது. வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டு தயிர் சாதத்துக்கு போயிட்டார்.

அந்த வறுவல காப்பாத்த வழி இருக்கா? மிச்சத்த என்ன பண்ணலாம்? எத்தன நாள் தாங்கும்? அப்புறம் இன்னிக்கு வெளிச்சத்துல பாத்தா சீவுன பக்கம் பச்சையும் வயலெட்டுமா மினுக்குது, அது கெட்டுப்போச்சா? நாத்தனார் 5 மாச கர்ப்பம், இங்கதான் இருக்கா, அதனால கொஞ்சம் பயமா இருக்கு.

அட்லாண்டா_அக்கா:
ரேவதி மா, அது பச்சைக்கறி இல்லடா. உப்பு, சர்க்கரை, நைட்ரைட்னு கறிய பதப்படுத்தற ஒரு உப்பு எல்லாம் கலந்த தண்ணிய உள்ள ஏத்தி, புகை போட்டு, வேக வச்சுதான் கடைக்கே வருது, பாட்டி ஓவன்ல வச்சது சூடு ஏத்தி பாகு பூசுறதுக்குத்தான். நைட்ரைட் இருக்கறதால நீ எவ்வளவு கொதிக்க வச்சாலும் அந்த ரோஸ் கலர் போகாது, வேகலையோன்னு நினைச்சு திரும்ப திரும்ப வேக வைப்போம், அங்கதான் உள்ள இருக்கற ஈரம் எல்லாம் வெளிய போய் நாராகுது. 85 கிராம் ஹாம்லயே சோடியம் 1000 மில்லிகிராம் கிட்ட இருக்கும், ஒரு நாளைக்கு மொத்தமே 2300 தாண்டாதீங்கன்னுதான் இங்க சொல்றாங்க, அதுக்கு மேல நீ வேற உப்பு போட்டிருக்க.

என்னைக் கேட்டா அத கறியா நினைக்கவே நினைக்காத, கருவாடு மாதிரி நினை. கருவாட்டுக் குழம்புல கருவாடு கொஞ்சம்தானே போடுவோம், கத்திரிக்காவும் மொச்சையும்தான் நிறைய, உப்ப கடைசில நாக்குல வச்சு பாத்துட்டுத்தான் போடுவோம். ஹாமும் அப்படித்தான், உப்பு போட வேண்டிய இடத்துல அத போடு.

நியூஜெர்சி_மாப்ள:
வறுவல காப்பாத்த ஈஸி வழி இருக்கு சிஸ்டர், ஒரு உருளைக்கிழங்க வெட்டி உள்ள போட்டு கொதிக்க விடுங்க, உப்ப அப்படியே இழுத்துக்கும்.

லேப்காரன்:
மாப்ள, இத எங்கம்மாவும் சொல்லுவாங்க, ஆனா கிழங்கு உப்ப மட்டும் தனியா பிரிச்சு இழுக்காது, குழம்புல இருக்கற உப்புத்தண்ணியத்தான் இழுக்கும், மிச்சக் குழம்பு அதே கரிப்போடதான் நிக்கும். கிழங்கையும் சேத்து மசிச்சு சாப்பிட்டா பரவிப்போய் கம்மியா தெரியும், அவ்வளவுதான். அந்த வறுவல உப்பே போடாத வெறும் துவரம்பருப்புலயோ தேங்காப்பால்லயோ கலந்து அளவ கூட்டுங்க, அது ஒண்ணுதான் வழி.

கலர் விஷயம்: பச்சை வயலெட் மினுமினுப்பு மட்டும்னா பயப்பட வேண்டாம். சதை நார குறுக்க வழவழன்னு சீவும்போது அந்த நார் நுனில வெளிச்சம் பட்டு சிதறும், அதான் வானவில் கலரா தெரியுது, தட்ட திருப்பி பாருங்க, கலர் இடம் மாறும். தொட்டா பிசுபிசுன்னு கோழை மாதிரி ஒட்டுனாலோ புளிச்ச வாடை அடிச்சாலோ யோசிக்காம குப்பைல போடுங்க.

அமெரிக்க விவசாயத் துறை கணக்குப்படி ஸ்பைரலா சீவுன, வெந்த ஹாம் ஃப்ரிட்ஜ்ல 3லிருந்து 5 நாள், ஃப்ரிட்ஜ் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ இருக்கணும். ஃப்ரீசர்ல ஒண்ணு ரெண்டு மாசம். ஃப்ரீசர்ல வச்சா கெட்டுப்போகாதே, அப்புறம் ஏன் ரெண்டு மாசம்னு கேப்பீங்க, கெடறது வேற, ருசி போறது வேற, உப்பு இருக்கற கறில கொழுப்பு சீக்கிரமே காறல் வாடை அடிக்க ஆரம்பிச்சுடும். அன்னிக்கு டேபிள்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய கிடந்திருந்தா மட்டும் இந்த கணக்கு எதுவும் செல்லாது.

நாத்தனாருக்கு ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து அப்படியே சில்லுன்னு குடுக்கவே கூடாது. லிஸ்டீரியான்னு ஒரு கிருமி, ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும், கர்ப்பமா இருக்கறவங்களுக்கு அது ரொம்ப ஆபத்து. 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ், ஆவி பறக்கற சூடு வந்தப்புறம்தான் தட்டுல வைக்கணும்.

ராலே_ரேவதி:
ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, டேபிள்ல ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு, வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். புளிச்ச வாடை எதுவும் இல்ல, திருப்பி பாத்தேன் கலர் நீங்க சொன்ன மாதிரியே இடம் மாறுது. சரி இப்ப அந்த இனிப்ப என்ன பண்றது? எங்க வீட்டுல கறில இனிப்பு இருந்தா யாரும் தொட மாட்டாங்க.

பெரம்பூர்_பையன்:
அக்கா, நான் வளந்தது பெரம்பூர் ரயில்வே ஏரியா, சுத்தி ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க, கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் அந்த வீடுகள்ல மிச்ச ரோஸ்ட் எல்லாம் ஜல்ஃப்ரேசி ஆயிடும். இப்ப ஹோட்டல்ல சிவப்பு கிரேவியா தர்றாங்களே அது இல்ல, இது டிரையா இருக்கும், மிச்சக்கறிய தீர்க்கறதுக்குன்னே வந்த ஐட்டம்.

மேல இருக்கற பாகையும் கிராம்பையும் கத்தியால வழிச்சு எடுத்துடுங்க, பாகோட சூடான கடாய்ல போட்டா சர்க்கரை கருகி அடிப்பிடிச்சு கசக்கும். சீவுன துண்ட விரல் அகலத்துக்கு வெட்டி கொதிக்கற தண்ணில அஞ்சு நிமிஷம் போட்டு தண்ணிய கொட்டிடுங்க, உப்பும் இனிப்பும் கொஞ்சம் அதுலயே போயிடும். கடாய்ல எண்ணெய் ஊத்தி பெரிய வெங்காயம் மூணு நீளமா நறுக்குனது, பச்சை மிளகா நல்லா காரமா ஆறேழு கீறிப்போட்டு, கொஞ்சம் இஞ்சி, மஞ்சத்தூள், ஒரு தக்காளி. வெங்காயம் ஓரம் செவந்தப்புறம் ஒரு ஸ்பூன் வினிகர் விடுங்க, மிச்சம் ஒட்டியிருக்கற இனிப்ப அது சரிக்கட்டிடும். ஹாம கடைசில போட்டு ரெண்டு பிரட்டு பிரட்டி நல்லா சூடேறுனதும் இறக்கிடணும், மேல பொடிச்ச மிளகு தூவிக்கலாம். கரம் மசாலா வேண்டாம், கிராம்பு வாசனை கறிக்குள்ள ஏற்கனவே இறங்கியிருக்கும், இன்னும் போட்டா பல் டாக்டர் கிளினிக்ல உக்காந்திருக்கற ஃபீல் வரும். பிரட்டுக்கும் ஓகே, ரசம் சாதத்துக்கு சூப்பர்.

டல்லஸ்_பேச்சிலர்:
நான் இவ்வளவு எல்லாம் பண்ண மாட்டேன். இந்தியன் ஸ்டோர் ஃப்ரோசன் பரோட்டாவ பிச்சுப்போட்டு முட்டை, வெங்காயம், ஹாம் பொடியா வெட்டி கொத்து பரோட்டா. இல்லன்னா ஃபிரைட் ரைஸ், அதுக்கு முதல்ல ஹாம தனியா போட்டு கொழுப்பு உருகுனதும் எடுத்து வச்சுடுங்க, அந்தக் கொழுப்புலயே முட்டையும் நேத்து சோறும், கடைசில ஹாம். சோயா சாஸ் ஊத்துற கைய கட்டிப்போடுங்க, அதுவும் உப்புதான்.

சார்ல்ஸ்டன்_சுந்தர்:
எல்லாரும் சதையவே பேசுறீங்க, அந்த ஹாம்ல நல்ல சமாச்சாரமே எலும்புதான். சதைய குக்கர்ல போட்டா நாராகும், ஆனா எலும்பு, அத ஒட்டுன சவ்வு, தோல் இதெல்லாம் நேரம் ஆக ஆக இளகி தண்ணிய கெட்டியாக்கும். வாஷிங்டன்ல செனட் சாப்பாட்டுக் கூடத்துல 1900களோட ஆரம்பத்துல இருந்து தினமும் போடற பீன் சூப்பே இதுதான், 2 பவுண்டு வெள்ளை நேவி பீன்ஸ், 1.5 பவுண்டு புகை போட்ட பன்னிக்கால், ஒரு வெங்காயம், கொஞ்சம் வெண்ணெய், மசாலான்னு ஒண்ணும் கிடையாது. சுத்த வெள்ளைக்கார ருசி, நான் அதுல மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுத்தான் குடிப்பேன்.

ஆனா ரேவதி, நீங்க இருக்கறது கரோலினா, அந்த எலும்ப ஃப்ரீசர்ல போட்டு ஜனவரி 1க்கு வச்சுக்கோங்க. இங்க புது வருஷத்தன்னிக்கு ஹாப்பின் ஜான்னு ஒண்ணு சமைப்பாங்க, வேற ஒண்ணுமில்ல, நம்ம காராமணிய பன்னி எலும்போட வேக வச்சு அந்தத் தண்ணிலயே அரிசிய போட்டு ஆக்கறது. மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கொண்டு வந்த ஜனங்களோட சாப்பாடு, இப்ப தெற்கு பூரா புது வருஷத்துக்கு அதிர்ஷ்டம்னு சாப்பிடறாங்க. காராமணிய ராத்திரியே ஊறப்போடுங்க. எலும்புல 8 கப் தண்ணி ஊத்தி இன்ஸ்டன்ட் பாட்ல, அதான் கரண்ட் குக்கர்ல, 45 நிமிஷம் வச்சு, தண்ணிய வடிகட்டி ஆற வச்சா கொழுப்பு மேல திரண்டு நிக்கும், வழிச்சு எடுத்துடுங்க. வெங்காயம், செலரி, குடைமிளகா வதக்கி, காராமணியும் அந்தத் தண்ணியும் ஊத்தி வேக விட்டு, முக்கால் பதம் வந்ததும் பச்சரிசிய கழுவிப் போடுங்க. தக்காளியோ புளியோ போடறதா இருந்தா காராமணி வெந்தப்புறம்தான், முன்னாடியே போட்டா பயறு சீக்கிரம் வேகாது. உப்பு இறக்கும்போது பாத்துக்கலாம், எனக்கு பெரும்பாலும் தேவைப்படறதே இல்ல.

நியூஜெர்சி_மாப்ள:
எங்க வீட்டு நாய்க்கு அந்த எலும்பு குடுத்தா எப்படி துள்ளும் தெரியுமா

லேப்காரன்:
குடுத்துடாதீங்க மாப்ள, வெந்த எலும்பு ஊசி ஊசியா உடைஞ்சு தொண்டைய குத்தும், உப்பும் நாய்க்கு ஆகாது.

ராலே_ரேவதி:
அப்டேட். பழைய வறுவல்ல பாதிய வெறும் பருப்புல கலந்தேன், சுமாரா தேறிடுச்சு, மீதிய கொட்டிட்டேன். ஜல்ஃப்ரேசி பண்ணேன், வீட்டுக்காரர் இதுவும் அதே கறியான்னு கேட்டார், நாத்தனாருக்கு நல்லா ஆவி பறக்க சூடு பண்ணித்தான் குடுத்தேன். மிச்ச சதைய ஒரு வேளைக்கு ஒரு பைன்னு சின்ன சின்ன ஜிப் பைல காத்து போக அமுக்கி தேதி எழுதி ஃப்ரீசர்ல போட்டாச்சு, எலும்பு தனி பைல இருக்கு. சுந்தர் அண்ணா, பாட்டிகிட்ட ஹாப்பின் ஜான் பண்ணப்போறேன்னு சொன்னேன், கூட கொலார்ட் கீரை கண்டிப்பா வைக்கணும், அது பச்சை டாலர் நோட்டு கணக்கு, பணம் வரும்னு சொல்லி தோட்டத்துல இருந்து ஒரு கட்டு பறிச்சு குடுத்துட்டாங்க. இல ஒவ்வொண்ணும் முறம் சைஸ்ல இருக்கு. நம்ம முருங்கைக்கீரை மாதிரி தேங்கா போட்டு பொரியல் பண்ணலாமா?

சார்ல்ஸ்டன்_சுந்தர்:
தாராளமா பண்ணலாம், ஆனா முருங்கைக்கீரை வேகற நேரத்துல அது வேகாது. நடு நரம்ப உருவிட்டு இலைய சுருட்டி மெல்லிசா நறுக்குங்க, கடுகு, காஞ்ச மிளகா தாளிச்சு கீரைய போட்டு அந்த எலும்புத் தண்ணில ஒரு கரண்டி விட்டு மூடி போட்டு 25 நிமிஷமாவது விடுங்க, தேங்காவ இறக்கும்போது போட்டா போதும். பெரிய சட்டியா எடுத்துக்கோங்க, முதல்ல நிறைய தெரியும், வெந்தா கால்வாசிதான் நிக்கும்.