சுசன்னா கிளார்க்: முதல் நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏன் 16 வருடம்?

மழைக்குருவி:
இங்கிலாந்து எழுத்தாளர் சுசன்னா கிளார்க்கின் ‘பிரனேசி’ நாவலை இரண்டே ராத்திரியில் படித்து முடித்தேன். முடிவே இல்லாத மண்டபங்கள், கீழ்த்தளத்தில் கடல், எங்கு பார்த்தாலும் சிலைகள், நடுவில் கிட்டத்தட்ட தனியாக ஒருவன். அல்பட்ராஸ் பறவைகள் கூடு கட்ட வந்ததும், குளிருக்கு எரிக்கச் சேர்த்து வைத்திருந்த காய்ந்த கடற்பாசியை எடுத்துக் கொடுத்துவிடுகிறானே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சரி, வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று தேடினால் முதல் நாவல் 2004, இது 2020. நடுவே 2006-ல் ஒரு சிறுகதைத் தொகுப்பு. ஏன் இவ்வளவு இடைவெளி? முதல் நாவலையும் வாங்கிவிட்டேன், 20 பக்கம் தாண்டவில்லை, அடிக்குறிப்புகள் மலைக்க வைக்கின்றன. தொடரலாமா?

பழுப்புத்தாள்:
உடம்புதான் காரணம். முதல் நாவலான ‘ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்’ வெளிவந்து, 2005-ல் அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் தரும் ஹியூகோ விருதும் வாங்கிய அதே வருடத்தில் அவர் மயங்கி விழுந்தார். நாட்பட்ட சோர்வு நோய் என்றார்கள். இதை வெறும் களைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். என் அக்காவுக்கு இருக்கிறது, குளித்துவிட்டு வந்தால் அன்றைய பலம் அதோடு தீர்ந்தது, பக்கத்தை எடுத்தால் மூன்றாவது வரியில் முதல் வரி மறந்துபோகும். அப்படி இருந்துகொண்டு 800 பக்க நாவலுக்குத் தொடர்ச்சி எழுது என்றால் எப்படி எழுதுவது?

முதல் நாவலும் சும்மா வந்துவிடவில்லை, பத்து வருடம் ஆனது. பாதிரியார் மகள், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டு இங்கிலாந்து திரும்பி, கேம்பிரிட்ஜில் ஒரு பதிப்பகத்தில் சமையல் புத்தகங்களுக்கு எடிட்டராக இருந்தார். அந்த வேலையோடு வேலையாகத்தான் நெப்போலியன் காலத்து மந்திரவாதிகளை எழுதினார். அதுவும் முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக இல்லை, துண்டு துண்டாக எழுதிப் பிறகு கோத்தது.

கல்தச்சன்:
தொடருங்கள், தயவுசெய்து 20-ஆம் பக்கத்தில் விட்டுவிடாதீர்கள். யார்க் நகரத்துப் பேராலயம் வரைக்கும் போய்விடுங்கள், சீக்கிரமே வந்துவிடும். மந்திரவாதி நாரெல் மந்திரம் போட்டதும் அங்குள்ள கற்சிலைகள் எல்லாம் பேசத் தொடங்கும். முதலில் வாய் திறக்கும் சிலை சொல்வது ஒரு கொலையை: தலைமுடியில் ஐவி கொடியின் இலை செருகிய ஒரு பெண்ணை ஒருவன் அங்கே கொன்றான், எத்தனையோ நூறு வருடம் முன்னால், பார்த்தது கல் மட்டும்தான். இத்தனை காலமும் சொல்ல ஆள் இல்லாமல் அந்தச் சிலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது! எனக்கு நாவல் அங்கேதான் ஆரம்பித்தது.

அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். மொத்தம் 180-க்கு மேல் இருக்கும், பலவும் இல்லாத புத்தகங்களை மேற்கோள் காட்டுபவை, சிலது முழு நாட்டுப்புறக் கதையாகவே நீளும். வடக்கு இங்கிலாந்தை 300 வருடம் ஆண்ட காக்கை அரசன் என்று ஒரு ஆள் நிஜமாகவே இருந்தான் என்று நாம் நம்பிவிடுவது அந்தச் சின்ன எழுத்துகளால்தான். ‘ஷோ’ (காட்டு), ‘சூஸ்’ (தேர்ந்தெடு) போன்ற ஆங்கிலச் சொற்களைக்கூட அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில்தான் எழுதியிருப்பார்.

நடுவாசல்:
பழுப்புத்தாள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீட்டுக்குள் அடைபட்டவர் எழுதியதால்தான் ‘பிரனேசி’ அப்படி இருக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்தப் பிரமாண்ட வீடும் அதற்குள் வரும் கடலும் அவருடைய இருபதுகளிலேயே மனதில் இருந்தவை, நோய்க்கு வெகுகாலம் முன்பு. நோய் செய்தது வேறு: ஆராய்ச்சி அதிகம் கேட்காத, பாத்திரங்கள் குறைவான ஒரு கதையைத் தன் பலத்துக்கு முடியும் என்று அவர் எடுத்தார். அதற்குத் தைரியம் வந்தது பிபிசி முதல் நாவலைத் தொடராக எடுத்தபோது, 2015-ல் வந்த ஏழு பகுதிகள். படப்பிடிப்பைப் போய்ப் பார்த்த பிறகுதான், தான் இன்னும் எழுத்தாளர்தான் என்ற நினைப்பே திரும்பியது என்று சொல்லியிருக்கிறார். 2021-ல் ‘பிரனேசி’ என்ற அந்தச் சின்ன நாவலுக்குப் பெண் எழுத்தாளர்களுக்கான விமென்ஸ் பரிசு கிடைத்தபோது நான் வீட்டில் கைதட்டினேன்.

மழைக்குருவி:
மூவருக்கும் நன்றி. பழுப்புத்தாள், உங்கள் அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். நேற்று யார்க் வந்துவிட்டேன். ஐவி இலைப் பெண் ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தாள்.