ராசவள்ளிக்கிழங்கை வெட்டின அன்னிக்கு

வளசரவாக்கம் வாசி:
போன பொங்கலுக்கு முந்தின நாள் கோயம்பேடு, கரும்பு மஞ்சக்கொத்து எல்லாம் வாங்கியாச்சு, கெளம்பற நேரத்துல ஒரு கிழங்குக் கடைல மண்ணோட கருப்பா ஒண்ணு, கேரளாவுல இருந்து வந்த காச்சில்னு சொன்னாரு. மேல் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மம்மா அடிக்கடி சொல்ற கிழங்கு இதா இருக்குமோன்னு 1 கிலோ வாங்கிட்டேன். கைல குடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, ஒண்ணும் பேசல, கத்தியால நுனியைச் சீவினாங்க, உள்ள அப்படியே நாவப்பழக் கலர். சீவின எடத்துல கொழகொழன்னு கசியுது, அதை விரலால தொட்டுக்கிட்டே "ராசவள்ளி பிள்ளை, எங்கட கிணத்தடி வேலியில படர்ந்து கிடக்கும்"னாங்க, கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் தேங்காப்பால், சக்கரை, துளி உப்பு போட்டுக் களி கிண்டி ஒரு கிண்ணம் குடுத்தாங்க. இப்ப கனடாவுக்கு மகன்கிட்ட போயிட்டாங்க. 12 வருஷம் மேல் வீட்ல இருந்தாங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட நான் இந்தக் கிழங்கைத் தேடிப் பார்க்கலயேன்னு உறுத்துது.

மந்தைவெளி அக்கா:
எங்க வீட்ல கருணைக்கிழங்குன்னாலே பயம். கல்யாணமான புதுசுல பிடிகருணை மசியலுக்குப் புளி கம்மியா ஊத்திட்டேன், மாமனார் ஒரு வாய் வெச்சவரு தொண்டையைப் புடிச்சுக்கிட்டு எழுந்துட்டாரு. ஒரு வார்த்தை திட்டல. ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டு, "பரவால்லம்மா"ன்னு மறுபடி அதே எலைல உக்காந்தாரு. அந்த முகம் மறக்கல. உங்க ராசவள்ளியும் அரிக்கும், பாத்து பண்ணுங்க.

நங்கநல்லூர் மாடித்தோட்டம்:
அக்கா, ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. கருணை, சேனை எல்லாம் சேம்பு குடும்பம், அதுல கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா இருக்கு, அதான் குத்துது, புளி ஊத்தறது அதுக்குத்தான். ராசவள்ளி கொடில வர்றது, பெருவள்ளி வகை, நைஜீரியால வேக வெச்சு உரல்ல இடிச்சு சாப்புடறாங்களே அந்த யாம் குடும்பம். தோல் சீவறப்ப சிலருக்குக் கை அரிக்கும், நல்லா வெந்துட்டா ஒண்ணும் பண்ணாது. சக்கரவள்ளி பேர்லதான் வள்ளி, இதுக்கு சொந்தமே இல்ல.
நான் ஒரு தடவை வெச்சேன், மார்கழில எலை பூரா பழுத்துச்சு, செடி செத்துப்போச்சுன்னு வீட்ல பையைக் கொட்டிட்டாங்க, உள்ள முழங்கை நீளத்துக்குக் கிழங்கு, மண்வெட்டி பட்டு ரெண்டா கெடந்துச்சு. எலை பழுத்தாதான் கிழங்கு முத்துச்சுன்னு அர்த்தம், அப்ப தண்ணியை நிறுத்தணும். நடறவங்க சித்திரை வைகாசில நடுங்க, கால் கிலோ துண்டு, தோல் கட்டாயம் இருக்கணும், வெட்டுவாய்ல சாம்பல் தடவி நெழல்ல காய விட்டு நடணும், பை நல்ல ஆழமா இருக்கட்டும், கொடி ஏற கயிறு கட்டுங்க, 8-9 மாசம் பொறுமையா இருக்கணும். மழைல தண்ணி தேங்குச்சுன்னா அழுகிடும், ஓட்டை போட மறந்துடாதீங்க.

வளசரவாக்கம் வாசி:
அம்மம்மா விட்டுட்டுப் போன நாலு பெரிய தொட்டி மாடில சும்மா கெடக்கு. இந்த வருஷம் கோயம்பேட்ல ரெண்டு நாள் சுத்தியும் அந்தக் கிழங்கு கெடைக்கல. உங்ககிட்ட ஒரு துண்டு இருந்தா சொல்லுங்க, நானே நங்கநல்லூர் வந்து வாங்கிக்கறேன்.