ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு: ஐஆர்க்யூ 10 வைத்தும் பிங் போகவில்லை

கேள்வி

பென்டியம் மதர்போர்டு, டாஸ். என்இ2000 வகை 16-பிட் ஐஎஸ்ஏ (பழைய ஸ்லாட் வகை) நெட்வொர்க் கார்டு, ஜம்பர் மாடல், அதாவது பின்களில் சிறு கேப் செருகி அமைப்பது. போர்ட் முகவரி 300. சவுண்ட் பிளாஸ்டர் 16 சவுண்ட் கார்டு ஒன்று போர்ட் 220, ஐஆர்க்யூ (கார்டு ப்ராசஸரைக் கூப்பிடும் இன்டரப்ட் லைன்) 5-இல் இருக்கிறது. காம் 2 (ஐஆர்க்யூ 3) சீரியல் போர்ட்டில் மோடம். பிசிஐ ஸ்லாட்டில் ஒரு டிஸ்ப்ளே கார்டு, ஒரு ஸ்கசி (டிஸ்க் இணைக்கும்) கார்டு.

நெட்வொர்க் கார்டு ஐஆர்க்யூ 3-இல் வந்தது. மோடத்தோடு மோதியதால் 10-க்கு மாற்றினேன். பாக்கெட் டிரைவர் (கார்டை டாஸில் இயக்கும் நிரல்) பிழையில்லாமல் ஏறுகிறது, மேக் முகவரியையும் (கார்டின் அடையாள எண்) சரியாகக் காட்டுகிறது. இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்க பிங் கொடுத்தால் ஹப்பில் விளக்கு சிமிட்டுகிறது, ஆனால் பதில் வருவதே இல்லை. கார்டு போய்விட்டதா?

பதில் 1

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. மேக் முகவரியை டிரைவர் போர்ட் வழியாகவே படித்துவிடும், அதற்கு இன்டரப்ட் தேவையில்லை. பாக்கெட்டை வெளியே தள்ளுவதும் அப்படித்தான். உள்ளே வந்த பாக்கெட்டைச் சொல்லத்தான் இன்டரப்ட் வேண்டும். ஆக, முகவரி சரி, ஐஆர்க்யூ போய்ச் சேரவில்லை.

இரண்டைப் பாருங்கள். 3-இல் இருந்த ஜம்பரைக் கழற்றினீர்களா? 3, 10 இரண்டிலும் கேப் இருந்தால் இரண்டு லைன்களும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி மோடமும் சேர்ந்து படுத்துவிடும். அடுத்தது டிரைவர் கட்டளை வரி. முதல் எண் மென்பொருள் இன்டரப்ட் (ஹெக்ஸ் 60), இரண்டாவதுதான் ஐஆர்க்யூ. அங்கே முன்னொட்டு இல்லாமல் வெறும் 10 என்று இருக்க வேண்டும். ஹெக்ஸ் முன்னொட்டோடு 10 போட்டால் அது 16, அப்படி ஒரு ஐஆர்க்யூவே கிடையாது.

பதில் 2

இவ்வளவு சிரமம் எதற்கு? சவுண்ட் கார்டோடு 5-ஐயே பகிர்ந்துகொள்ளலாமே. பிசிஐ கார்டுகள் பகிர்கின்றனவே.

பதில் 3

ஐஎஸ்ஏவில் அது நடக்காது சார். பிசிஐ இன்டரப்ட் லைனை எந்தக் கார்டும் கீழே இழுக்கலாம், யாரும் இழுக்காதபோது தானாக மேலே நிற்கும். அது மட்டத்தைப் பார்க்கும் முறை, அதனால் பகிரலாம். ஐஎஸ்ஏ கார்டு லைனைத் தானே மேலேயும் கீழேயும் ஓட்டுகிறது. இன்டரப்ட் கன்ட்ரோலர் பார்ப்பதோ மேலே ஏறும் அந்த ஒரு விளிம்பை மட்டும். ஒரு கார்டு ஏற்றும்போது இன்னொன்று இறக்கிப் பிடித்திருந்தால் விளிம்பே உருவாகாது.

கேட்டவருக்கு: என் சந்தேகமெல்லாம் பயாஸ் (பூட் ஆகும்போது வன்பொருளை அமைக்கும் மதர்போர்டு நிரல்) மேல்தான். ஜம்பர் கார்டு தன் ஐஆர்க்யூவை பயாஸிடம் சொல்லாது. 10 சும்மா இருக்கிறது என்று நினைத்து பயாஸ் அதை ஒரு பிசிஐ கார்டுக்குக் கொடுத்து, மட்ட முறைக்கும் மாற்றியிருக்கும். அதன்பின் உங்கள் கார்டு என்ன தட்டினாலும் கதவு திறக்காது.

சோதிக்க: டாஸின் டிபக் நிரலைத் திறந்து, சிறுகோடு வந்ததும் ‘ஐ 4டி1’ என்று அடியுங்கள். ஐஆர்க்யூ 8 முதல் 15 வரை எவை மட்ட முறையில் உள்ளன என்பதை அந்த போர்ட் சொல்லும். கடைசி பிட் 8, அதற்கு இடப்பக்கம் 9, பிறகு 10, 11. ‘க்யூ’ அடித்தால் வெளியே வரலாம்.

கேட்டவர்

ஜம்பர் ஒன்றுதான் இருக்கிறது. கட்டளை வரியும் சரி. 4டி1 போர்ட் 0சி காட்டுகிறது.

பதில் 3

0சி ஹெக்ஸ், கடைசி நான்கு பிட் 1100. 10-ம் 11-ம் பிசிஐ கையில். பூட் ஆகும்போது வரும் பிசிஐ பட்டியலில் ஸ்கசி அல்லது டிஸ்ப்ளேவுக்கு எதிரே 10 இருக்கும், பாருங்கள்.

பயாஸில் பிஎன்பி/பிசிஐ கான்ஃபிகரேஷன் பக்கம் போய், ரிசோர்ஸ் கட்டுப்பாட்டை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றுங்கள். ஐஆர்க்யூ 10, 5 இரண்டையும் ‘லெகஸி ஐஎஸ்ஏ’ ஆக்குங்கள். காம் 2-க்காக 3 ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும், சரிபார்த்துவிடுங்கள். ‘ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா’வை எனேபிள் செய்து சேமியுங்கள். இல்லாவிட்டால் பழைய ஒதுக்கீடே ஒட்டிக்கொண்டு திரும்பி வரலாம்.

7-க்கு மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். டாஸ் பிரிண்டருக்கு இன்டரப்ட் பயன்படுத்துவதில்லை, ஓடத்தான் செய்யும். ஆனால் கன்ட்ரோலரிடம் வந்த சிக்னல் அது படிப்பதற்குள் மறைந்துவிட்டால், போலி இன்டரப்டாக அது 7-ஐத்தான் கொடுக்கும். 10 கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு?

கேட்டவர்

ஸ்கசிதான் 10-இல் இருந்தது. மாற்றியதும் 9-க்குப் போய்விட்டது. 4டி1 இப்போது 0ஏ. பிங் பதில் வருகிறது! ஆனால் மறுபடி பயாஸுக்குள் போனால் ரீசெட் டிசேபிள் என்று காட்டுகிறது. சேமிக்கவில்லையா?

பதில் 3

சேமித்துவிட்டது. ஒரு பூட்டுக்குப் பிறகு அது தானாகவே டிசேபிள் ஆகும். 0ஏ என்றால் 1010, அதாவது 9-ம் 11-ம் மட்டும் பிசிஐயிடம். இனி இன்னொரு ஐஎஸ்ஏ கார்டு போட்டால் 9-ஐத் தொடாதீர்கள். அது 8-பிட் கார்டாக இருந்து ஜம்பரில் 2 என்று எழுதியிருந்தாலும் ஏடி வகை (16-பிட் ஸ்லாட் உள்ள) போர்டில் அந்தப் பின் 9-க்குத்தான் போகும்.