என் பணிப்பதிவேட்டின் நகலைப் பிறர் கேட்டால் அலுவலகம் கொடுத்துவிடலாமா?

கேள்வி – குடியாத்தம்

வணக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். எங்களோடு நிலத் தகராறில் உள்ள உறவினர் ஒருவர், என் பணிப்பதிவேடு முழுவதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்குமாறும் பொதுத் தகவல் அலுவலரின் கடிதம் நேற்று வந்தது. முதல் பக்கத்தில் என் அங்க அடையாளங்களும் முகவரியும், உள்ளே கருச்சிதைவின்போது எடுத்த விடுப்பும் உள்ளன. அவை அவர் கைக்குப் போய்விடுமோ என்று உறக்கம் வரவில்லை. 2019இல் மாவட்டம் பிரிந்தபின் மாறுதலில் திருப்பத்தூர் போய்த் திரும்பிய அப்பதிவேட்டை நானே இன்னும் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு உரிமை உண்டா?

மறுமொழி – ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், சத்துவாச்சாரி

அம்மா, அஞ்ச வேண்டாம். ஆனால் வாளாவிருக்கவும் வேண்டாம். வந்திருப்பது 11ஆம் பிரிவின்படியான மூன்றாம் தரப்பினர் அறிவிப்பு. கிடைத்த நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஊழியரின் பணிச் செயல்பாடு முதன்மையாக அவருக்கும் பணியளிப்பவருக்கும் இடைப்பட்டது என்றும், குறிப்பாணைகளும் தண்டனை ஆணைகளும்கூடத் தனிப்பட்ட தகவலே என்றும் உச்ச நீதிமன்றம் 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் கூறியுள்ளது. பெரும் பொதுநலன் இருந்தாலன்றி அவற்றைத் தர வேண்டியதில்லை. மருத்துவ விவரத்துக்கு இது இன்னும் வலுவாகவே பொருந்தும். அதையும் மீறித் தர முடிவெடுத்தால், ஆணை நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம்.

உங்கள் பதிவேட்டைப் பார்ப்பது உங்கள் உரிமை. அலுவலகத் தலைவருக்கு ஒரு கடிதம் போதும். மாறுதலான ஆண்டின் பணிச் சரிபார்ப்புப் பதிவும் விடுப்புக் கணக்கும் விடுபடாமல் உள்ளனவா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். நான் பார்த்தவரை ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அனுப்பும் கருத்துரு திரும்பி வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மறுமொழி – காட்பாடி

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் ஊழியரைப் பற்றிய எல்லாமே மந்தணம் என்று எண்ணிவிடக் கூடாது. மாத ஊதியத்தை 4ஆம் பிரிவின்படி அலுவலகமே தானாக வெளியிட வேண்டும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடமளிக்கும் 8(1)(ஜே) பிரிவிலிருந்த பொதுநலன் விதிவிலக்கை நீக்கிவிட்டது என்பது எனக்குக் கவலையே. லஞ்சப் புகாருக்கு உள்ளானவரும் அதன் பின்னால் ஒளியலாம். நல்லவேளையாக, பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. நிலத் தகராறு அந்த வரம்புக்குள் வராது. இதையே ஆட்சேபணையின் முதல் வரியாக எழுதுங்கள், சகோதரி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆட்சேபணையை நாளைக் காலையே நேரில் கொடுத்துவிடுகிறேன். பதிவேட்டைப் பார்வையிடும் கடிதத்தையும் கூடவே கொடுக்கிறேன்.